முதுகோடு பேச்சு

"எம்மாவ்! இன்னைக்காவது என்னைத் திரும்பிப் பாரேன்!"

குடிசை வாசலில் நின்று மாணிக்கம்மாள் கெஞ்சினாள். பதினைந்து வயது. சாமைக் கொல்லைக் காவல் குடிசையில் அவளைத் தனியாக விட்டு ஒரு வாரமாகிறது.

பச்சையம்மா திரும்பவில்லை. சோற்றுத் தூக்கைப் பாறைமேல் வைத்துவிட்டு, தள்ளிப் போய் மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். 'மெட்ராஸ் ஐ' ஜவ்வாது மலைக்கும் ஏறி வந்துவிட்ட வருஷம் அது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே நம்பியது.

"நேத்து சோத்த அப்படியே வெச்சிருக்கியே. இன்னாடி ஆச்சு உனக்கு?"

"எறங்க மாட்டேங்குது."

"ராவுல தூங்கறியா?"

"இல்ல."

"கொல்லைப் பொம்மைகிட்ட பேசினு இருக்கியாமே? லட்சுமணன் மாமா வந்து சொன்னதுல உங்கப்பாவுக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு."

"அதுக்கு சகுந்தலான்னு பேரு வெச்சிருக்கேன். அது ஒண்ணுதான் என்னை நேருக்கு நேரா பாக்குது!"

பச்சையம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கிணற்றடியில் முதலில் கேட்பது இந்த வாயாடியின் சத்தம்தான். இப்படி ஒடுங்கிப் போய்விட்டாளே!

கீழே ஊரிலிருந்து பெண்களின் கும்மாளம் கேட்டது.

"சாந்தா சிரிக்கிறா. இன்னா வெளையாடுறாங்க?"

"தாயம்."

"நான் இல்லாமலா?" மாணிக்கம்மாள் விசும்பினாள். "நான் இன்னா பாவம் பண்ணேன்? பைத்தியமே புடிச்சிடும்போல கீது. ஒரே ஒரு வாட்டி பாரும்மா."

"வேணாண்டி. இன்னும் நாலு நாள்ல எல்லாம் சரியாயிடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பொறுத்துக்கோ கண்ணு."

விசும்பல் பெரிய அழுகையானது. பெற்ற வயிறு எவ்வளவு நேரம் தாங்கும்?

"ஒட்டினா ஒட்டிட்டுப் போவுது, போ!" என்று பச்சையம்மா சட்டெனத் திரும்பினாள்.

கோவைப்பழமாகச் சிவந்து, பீளை கட்டியிருந்த அம்மாவின் கண்களை மாணிக்கம்மாள் இமைக்காமல் உற்றுப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்த் தூக்கைத் திறந்து, ஒரு பெரிய கவளத்தை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அய்யா, ஜாலி! ஊர்லயே எனக்கு மட்டுந்தான் வராம இருந்திச்சு, நாளைக்கு எனக்கும் வந்துடும். தாயத்துல எனக்கும் ஒரு காய் வெக்கச் சொல்லும்மா!"