இழுக்கும்போது மட்டும் கோணல்

ரோதோப் மலையின் ஈயச் சுரங்கத்தில், பாறையில் போட்ட நாற்பது மீட்டர் துளைக்குள், அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் அளவுக்கருவியைக் கம்பியில் கோத்துத் தள்ளினாள் நெவேனா. மூன்று மீட்டருக்கு ஒரு முறை நிறுத்திக் குறித்தாள். துளை நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. திரும்ப இழுக்கும்போதும் அதே அளவுகள் வர வேண்டும். வந்தால்தான் அவள் கையெழுத்திடுவாள். கையெழுத்திட்டால் நாளை அதில் வெடிமருந்து வைப்பார்கள்.

இழுக்கும்போது, இருபத்துநான்கு மீட்டருக்கு அப்பால் துளை இடப்பக்கம் பதினொரு பாகை திரும்பியிருந்தது.

“போறப்ப நேரா, வர்றப்ப கோணலா, அக்கா?” என்றான் துளை போட்ட ஸ்தோயில். “நேத்து குடிச்சது நான்தான், என் மெஷின் இல்ல. கருவியத் தூக்கிப் போட்டுட்டு வா, லிஃப்டு கெளம்பிரும்.”

“நீ போ. இன்னொரு தடவ பாத்துட்டு வரேன்.”

இடப்பக்கம் பார்க்காமலே அவன் போனான். அங்கே சரிந்து மூடிய பாதைக்குள்தான் ஏழு வருடமாக அவள் கணவன் அசென் கிடக்கிறான்.

முன்பெல்லாம் அவள் தள்ளுவாள், அவன் இழுப்பான். கருவியைக் கழுத்துத்துணியால் துடைத்துத்தான் அவளிடம் கொடுப்பான். “சேத்தோட குடுத்தா ராத்திரி எனக்கு சூப்பு கெடைக்காதே.”

நெவேனா மறுபடி தள்ளினாள். நேராகவே போனது. இழுத்தாள். அதே இடத்தில் அதே பதினொரு பாகை.

துளைவாயில் சேற்றுத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெளியே வந்த கருவியில் ஒரு பொட்டு ஈரமில்லை. துடைத்துக் கொடுத்தாற்போல் இருந்தது.

அளவுத்தாளில் கையெழுத்துக்கான இடத்தை அவள் வெறுமையாக விட்டாள். அதன்கீழே, ‘நாளையும் அளக்க வேண்டும்’ என்று எழுதினாள்.