கத்தரிக்காய் நிறத்தில் ஒரு சமாதானம்

"ஏன் தம்பி, அவங்க பிளாக் மட்டும் பச்சை, எங்க பிளாக் சிவப்பு?" என்றார் ஏ பிளாக் தெய்வானை அக்கா, என் திரையைக் காட்டி.

டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியின் இரண்டு பிளாக்குகளும் சத்தத்துக்கும் பார்க்கிங்குக்கும் மாறி மாறிப் புகார் எழுதியதில், நிர்வாகம் பொது மண்டபத்தைப் பூட்டிவிட்டது. இரு தரப்பும் சமாதானமாகக் கையெழுத்திட்டால்தான் சாவி.

சனிக்கிழமை அங்கேதான் பி பிளாக் சீனி முகம்மது அண்ணனின் மகள் ரொஸ்னாவுக்கு நிச்சயதார்த்தம்.

மாலை வகுப்பில் படித்ததை வைத்து நான் ஒரு டேஷ்போர்டு செய்திருந்தேன். எந்த மாதம், எந்தப் பிளாக்கில், எத்தனை புகார் என்று ஒரே திரையில் கோடுகளாகத் தெரியும். கண்ணால் பார்த்தால் மனம் மாறும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன், முக்கால்வாசி; அக்காவையும் அண்ணனையும் நிர்வாக அலுவலகத்தில் என் மடிக்கணினி முன் உட்காரவைத்தேன்.

சிவப்பு என்றால் சண்டை அதிகம், பச்சை என்றால் குறைவு என்று விளக்கினேன்.

"பச்சை அவங்க பள்ளிவாசல் கலருலா. கேட்டு வாங்கியிருப்பாங்க."

நீலத்துக்கு மாற்றினேன். அது தேர்தலில் அண்ணன் எதிர்த்த கட்சியின் நிறமாம். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மஞ்சள் கோயில் நிறம் என்றார். இரண்டு பிளாக்கையும் வெள்ளையாக்கியதும் அக்கா கொதித்தார்.

"என்னடா, எங்க பிளாக்ல யாரு செத்தா?"

கடைசியாக இரண்டுக்கும் ஊதா.

அண்ணன் திரையருகே குனிந்தார்.

"கத்தரிக்காய் மாதிரி இருக்கு" என்றார் அண்ணன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். அப்போதுதான் இருவரும் நிறத்தை விட்டுக் கோடுகளைப் பார்த்தார்கள். அக்டோபரில் இரண்டும் உச்சிக்கு ஏறியிருந்தன.

"தீபாவளி நேரம். எங்க பிள்ளைங்க போட்ட வெடிதான், ஒத்துக்கிறேன்."

"நாங்களும் ஒன்னுக்குப் பத்தா எழுதிட்டோம்க்கா."

கையெழுத்து ஆனது. சாவி அண்ணன் கைக்கு வந்தது. நம்ப முடியாமல் நான் திரையை ஒருமுறை துடைத்தேன்.

வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார் அண்ணன். "தம்பி, சனிக்கிழமை மழை வருமா? அதுவும் உன் பெட்டியில தெரியுமா?"

தெரியாது என்று சொல்லப்போனவன் திரையைக் குனிந்து பார்த்தேன். கோடுகளின் ஓரத்தில், சின்ன எழுத்தில், அளவு போட்டிருந்தது.

மில்லிமீட்டர்.

வகுப்பில் பயிற்சிக்குக் கொடுத்த கோப்பு. தலைப்புகளை மாற்றியிருக்கிறேன், எண்களை மாற்றவில்லை. அக்டோபரில் ஏறியிருந்தது புகார் அல்ல, செபராங் ஜெயா, பாலிக் பூலா என்ற இரண்டு ஊர்களில் பெய்த மழை.

இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கும் வெளியே ஒரு கூடாரம் போட்டுடுங்கண்ணே" என்றேன்.