ஆறு வாரம்

“காலையில ரெண்டு நாள்னீங்க. இப்ப ஆறு வாரமா? என்ன மேடம், விளையாடுறீங்களா?”

இந்தியத் தூதரகத்தின் மூன்றாம் எண் கவுண்டர் முன்னால் நின்றவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஃபைல். பக்கத்தில் அவருடைய மாமியார், தலை குனிந்தபடி.

“ஊர்ல விசாரிச்சு ரிப்போர்ட் வரணும் சார்.” கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தொலைஞ்ச பாஸ்போர்ட்டுக்குப் பதிலா தற்காலிகமாவது ஒண்ணு கொடுங்க. அத்தைக்கு நாளன்னிக்கு ஃப்ளைட்.”

“அதுக்கும் ரிப்போர்ட் வேணும். ஃபோட்டோவும் சரியில்லை. காது தெரியலை.”

“காதா!”

வரிசையில் அடுத்து நின்ற தலைவருக்கு ரத்தம் கொதித்தது.

ஊரில் மில் தொழிற்சங்கத்துக்கு இருபது வருஷம் தலைவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் தலைவர்தான். சுற்றுலா வந்த இடத்தில், ரயில் நெரிசலில் எவனோ இடுப்புப் பையை அறுத்துக்கொண்டு போய்விட்டான். பாஸ்போர்ட் அதில். கூட வந்த கூட்டம் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. இரண்டு நாளாக ஒரே சட்டை. எரிகிற தீயில் இந்தக் காது வேறு எண்ணெய் ஊற்றியது.

காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கைரேகை எடுக்க இந்த அதிகாரி அந்தம்மாவைத் தனியாக உள்ளே கூட்டிப் போகும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரும்பி வந்ததும் ஆறு வாரம்! உள்ளே இவள் என்ன கேட்டாளோ, பாவம், அந்தம்மா என்ன கொடுக்க முடியாமல் விழித்தாளோ!

“மூணு நாளா லீவு போட்டு அலையறேன். நீங்கல்லாம் மனுஷங்கதானா?” மருமகன் ஃபைலை அடித்து மூடினார். மாமியார் பக்கம் திரும்பினார். “ஒரு பொருளைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு? அந்த பெஞ்சுல உக்காருங்க. கார் எடுத்துட்டு வரேன். நகரக் கூடாது.”

தலைவர் முறை வந்தது.

போலீஸ் புகார், ஃபோனில் இருந்த பழைய நகல், இரண்டு ஃபோட்டோ. அதிகாரி பத்தே நிமிஷத்தில் முத்திரை குத்தினாள். “சாயங்காலம் நாலு மணிக்கு வந்து தற்காலிக பாஸ்போர்ட்டை வாங்கிக்கோங்க சார்.”

“நாலு மணிக்கா? எனக்கு மட்டும் எப்படிம்மா நாலு மணி? அந்தம்மாவுக்கு ஏன் ஆறு வாரம்?”

“ஒவ்வொரு கேஸும் ஒவ்வொரு மாதிரி சார்.”

“என் ஃபோட்டோவைப் பாருங்க. எனக்கு ஒரு காதுதான் தெரியுது. அது பரவாயில்லையா?”

அவள் காகிதங்களைத் தட்டி அடுக்கினாள்.

“கேட்க நாதியில்லாதவங்கன்னா எப்படி வேணா இழுத்தடிக்கலாம், இல்ல?” இருபது வருஷம் மில் கேட்டில் நின்று கத்திய தொண்டை. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “உன் அம்மாவா இருந்தா இப்படிச் செய்வியா?”

அவள் முகம் ஒரு கணம் சிவந்தது. “அடுத்தவங்க வாங்க” என்றாள்.

தலைவர் நேராக பெஞ்சுக்குப் போனார்.

“எழுந்திருங்கம்மா. மாடியில பெரிய ஆபீசர் இருக்காராம். இப்பவே போவோம். ஒரே நாள்ல உங்க பாஸ்போர்ட்டை வாங்கித் தரலைன்னா என் பேரை மாத்திக்கறேன்.”

“ஐயோ, வேண்டாங்க ஐயா!” அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்க. அந்தப் பொண்ணோட சீட்டைக் கிழிச்சுட்டுத்தான்...”

“பாஸ்போர்ட் தொலையலைங்க.” வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நான்தான் ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

தலைவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என் பொண்ணுக்கு எட்டாம் மாசம். மாப்பிள்ளை வெளியில பார்த்தாத் தங்கம். வீட்டுல கை நீட்டுற ஆளு. நான் வந்த இந்த மூணு மாசமாத்தான் அடி விழலை. ‘உங்கம்மா ஃப்ளைட் ஏறட்டும், அப்புறம் இருக்கு உனக்கு’ன்னு அவர் சொன்னது என் காதுல விழுந்துச்சு. படிக்காதவ நான், என்ன பண்ணுவேன்? தோணினதைப் பண்ணிட்டேன்.”

தலைவர் கவுண்டர் பக்கம் திரும்பினார். அங்கே வேறு யாரோ அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப... அந்த அதிகாரி?”

“ரேகை வைக்கிறப்ப என் கை நடுங்குச்சு. ஏம்மான்னு கேட்டுச்சு. எல்லாத்தையும் கொட்டிட்டேன். பொய் சொன்னதுக்கு என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கும்னு நினைச்சேன். கதவைச் சாத்திட்டு, என் பொண்ணு உதவிக்குக் கூப்பிட ஒரு நம்பரை எழுதிக் கொடுத்துச்சு. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதாங்க கேட்டுச்சு...”

வாசலில் கார் ஹாரன் இரண்டு முறை அலறியது. அவள் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“‘உங்களுக்கு எத்தனை வாரம் வேணும்மா?’ன்னு.”