கடுகளவு மணிகள்

“ஒரு வேளையாவது மறந்திருப்பீங்க, நல்லா யோசிச்சுப்...”

“மறக்கலைன்னு எத்தனை தடவை சொல்றது? வேணும்னா...”

“மறந்தாத்தான் இப்படி ஆகும்!”

“கத்தாதடி. உள்ள பிள்ளையை அறுத்துக்கிட்டிருக்காங்க.”

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது வயது மகளுக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். குடலையே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அவன் தையல்காரன், மெஷின் வீட்டிலேயே. அதனால் மகளுக்கு மருந்து கொடுப்பது அவன் பொறுப்பு.

பையிலிருந்து சுருட்டிய காலண்டரை எடுத்து அவள் மடியில் போட்டான். தையல் சாக்கட்டியால் தேதிக்கு ஒரு நீலக் கோடு.

“எண்ணிக்கோ. மூணு மாசம். ‘ஒரு நாளும் விடாம கொடுங்க’ன்னு ஒத்தை வரி சொல்லிட்டு லேபுக்கு ஓடினவ நீ. டப்பா மேல ஒரு சீட்டாவது ஒட்டினியா?”

“நானே செஞ்ச மருந்துக்குச் சீட்டு எதுக்கு?”

“செஞ்ச லட்சணம்தான் தெரியுதே!”

அவள் தாள்களைப் புரட்டினாள். ஒரு தேதிகூட விட்டுப் போகவில்லை. குரல் இறங்கிவிட்டது.

“அப்ப தப்பு என் மேலதான். உள்ள இருக்கிற மருந்து எல்லா டாக்டரும் கொடுக்கிறதுதாங்க. அந்தக் கடுகளவு மருந்து மணிக்கு மேல நான் போட்ட பூச்சுதான் புதுசு. சட்டை மாதிரி. வயித்துல கரையாம மருந்தைக் காப்பாத்திப் பெருங்குடல்ல கொண்டு சேர்க்கணும். என் பூச்சு வயித்துலயே கரைஞ்சுபோயிருக்கு.”

“சட்டை தைக்கிறவன் நான். என்கிட்ட ஒரு நாளாவது இதைப் பத்திப் பேசியிருக்கியா நீ?”

அவள் லேபுக்குப் போன் போட்டாள்.

“நான்தான்... அந்த மணியெல்லாம் கொட்டிடுங்க. அடுத்த வாரம் இருபது பிள்ளைங்களுக்கு ஆரம்பிக்கிறதா இருந்துச்சே, அதுவும் வேண்டாம். என் பொண்ணுக்கே கேக்கல, ஊரார் பிள்ளைக்கு எந்த மூஞ்சியோட கொடுக்கிறது? ஆமா... இப்பவே கொட்டிடுங்க.”

போனை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். ஆறு வருட உழைப்பு.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்தான்.

“சரி, விடு. ஏதோ கோவத்துல பேசிட்டேன். உன் மருந்தை அவ ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல, தெரியுமா? சப்புக்கொட்டித்தான் சாப்பிடுவா. பின்ன? ஒரு மணிகூடத் தொண்டையில உறுத்தாம உரல்ல போட்டு மாவா இடிச்சு, தேன்ல குழைச்சில்ல கொடுத்தேன்!”