நேர்மை ஊசி

கதவு அதிர்ந்தது.

"பூங்கோதை! திறடி! உன் தங்கச்சி இங்கதானே வந்திருக்கா?"

பெரியப்பாவின் குரல். பூங்கோதை ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தாள். அவர் கையில் அரிவாள்.

வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்ட தங்கை எழிலி, மேலே பரணில் மூச்சை அடக்கிப் படுத்திருந்தாள். உதவி கேட்டதும் அவளைத் தூக்கி ஏற்றிவிட்டதே பூங்கோதையின் கணவன் சிவநேசன்தான்.

பூங்கோதைக்கு இப்போது பயமே அவனைப் பார்த்துத்தான். குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று சாதித்துக்கொண்டிருந்தவனுக்குப் போன மாதம் நேர்மை ஊசி போடவைத்தவள் அவளே. அதன்பின் அவனுக்குப் பொய் வருவதில்லை. உதவி கேட்டவருக்கு இல்லையென்று சொல்லவும் வருவதில்லை.

"பாத்ரூமுக்குள்ள போயிடுங்க. கேட்டா வாயத் தொறக்காதீங்க," என்று கெஞ்சினாள்.

"மறைக்கிறது தப்பில்லையா, கோதை?"

"அவளை வெட்டிடுவாருங்க!"

"அது அவர் பண்ற தப்பு. நான் பண்ற தப்பில்லையே."

தாழ்ப்பாளை நீக்கினான்.

"எங்க மாப்பிள்ளை அவ?"

"பரண்ல இருக்கா, மாமா."

"ஏணி எடுங்க."

பூங்கோதை அலறிக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள். பெரியப்பா அவளைப் பிடித்துத் தள்ளினார். சிவநேசன் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பாத்து ஏறுங்க, மாமா. மேல் படி ஆடும்."