காணாமல் போன ஊக்கு

"நாலு ஊக்குல ஒண்ணக் காணோங்க!" துணி டயப்பரை மாற்றிக்கொண்டிருந்த மனைவி அலறினாள். குழந்தையும் வீறிட்டு அழுதது.

கணவன் ஓடி வந்தான். "முழுங்கிடுச்சா? துணி டயப்பர்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னியே!" ஆஸ்பத்திரி போகும்வரை திட்டித் தீர்த்தான்.

குழந்தையை அவனே மடியில் பிடித்துக்கொள்ள, எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஊக்கு பளிச்சென்று தெரிந்தது. அவள் அழுதேவிட்டாள்.

டாக்டர் உற்றுப் பார்த்தார்.

"பயப்படாதீங்கம்மா. ஊக்கு குழந்தை வயித்துல இல்ல. பிடிச்சிருந்தவரோட இடுப்புல இருக்கு."

காலையில் பேண்ட் பட்டன் அறுந்தபோது கைக்குக் கிடைத்ததைக் குத்திக்கொண்டது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"குடுங்க."

"வீட்டுக்குப் போய்த் தரேம்மா..."

அவனுடைய இரு கைகளும் தாமாகவே இடுப்பைப் பிடித்துக்கொண்டன.