சுத்தியல் போன இடம்

சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுத்தியல் தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது.

ஒளித்து வைக்கத்தான் வந்தேன். எனக்கு முன்னால் என் கணவன் ஆ-லியாங் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன்.

ராத்திரி மரநாய் வந்து கோழிக்கூண்டின் கதவைப் பெயர்த்துவிட்டது. உள்ளே அடைக்கோழி. அதன் அடியில் இன்றோ நாளையோ பொரியப்போகும் முட்டைகள். இருட்டுவதற்குள் கதவைச் சரிசெய்யச் சொல்லி மாமியார் மகனை விடிந்ததிலிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் இன்றைக்கு அந்தக் கூண்டில் யாரும் ஆணி அடிக்கக் கூடாது.

எங்கள் வீட்டுச் சுவரில் தினமும் தாள் கிழிக்கும் காலண்டர் இருக்கிறது. வெங்காயத்தாள் நட நல்ல நாளா, முடி வெட்ட நல்ல நாளா, எல்லாம் அதில் உண்டு. அடியில், எறும்பு போன்ற எழுத்தில், கருவைக் காக்கும் தெய்வம் அன்று வீட்டில் எங்கே தங்கியிருக்கிறது என்றும் போட்டிருக்கும். ஒரு நாள் அடுப்பில், ஒரு நாள் கட்டிலில். அது இருக்கும் இடத்தில் தட்டவோ எதையும் நகர்த்தவோ கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

இன்று அது கோழிக்கூண்டில்.

பிள்ளை உண்டாகாத வீட்டில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. மாமியார் நடவு நாளை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைக் கசக்கிவிடுவார். நான் படிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். போன வருடம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோம். பிறகு, சொன்ன ஒவ்வொருவரிடமும் திரும்பப் போய், இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

இந்த முறை ஆ-லியாங்கிடம்கூடச் சொல்லவில்லை. அவன் காலண்டரைப் பார்த்துச் சிரிக்கிறவன். தினம் இடம் மாறும் தெய்வத்துக்கு யார் வாடகை தருகிறார்கள் என்று கேட்பான்.

வெளியே ஓடினேன். எங்கள் யிலான் பக்கத்து வசந்த மழை விட்டு, வெங்காயத்தாள் பாத்தியெல்லாம் மினுங்கிக்கொண்டிருந்தது. அவன் கருவிப்பெட்டியைத் தரையில் கவிழ்த்துப்போட்டுக் குந்தியிருந்தான்.

"கண்ணு முன்னாடி கெடந்தாலும் உனக்குத் தெரியாது. அப்படியே உங்கப்பன்," என்றார் மாமியார். "போ, பக்கத்து வீட்டுல வாங்கிட்டு வா."

"அவங்க சுத்தியலா? ஓங்குனா பிடி நம்ம கையில இருக்கும், தலை அவங்க வாத்து மேல இருக்கும்."

அப்பாடா என்று இருந்தது.

ஆ-லியாங்கால் எதையும் விளக்காமல் இருக்க முடியாது. போன வாரம் கட்டில் மேல் ஒழுகியது. கட்டிலைத் தள்ளிப் போடச் சொன்னார் மாமியார். ஒழுகுகிற இடமும் ஓட்டை இருக்கிற இடமும் ஒன்றல்ல, தண்ணீர் ஓட்டையில் இறங்கி உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் நடந்து வந்துதான் சொட்டும் என்று விளக்கிவிட்டுக் கூரையில் ஏறினான். கட்டில் அசையவில்லை. தெய்வம் அன்று கட்டிலில் இருந்தது. நல்லவேளை, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அடைக்கோழியைப் பற்றி ஆரம்பித்தான். பகலில் இடம் மாற்றினால் அது முட்டையை விட்டு எழுந்து போய்விடும். ஆனால் கோழிக்கு இருட்டினால் ராத்திரி, ராத்திரியில் அது எழுந்திருக்காது. ஆகவே கனத்த துணியால் மூடிவிட்டால் போதும். சொல்லிக்கொண்டே உடைந்த வாசல் வழியாகக் கையை விட்டு, கூண்டின் ஒரு மூங்கில்கூட உரசாமல், கோழியும் முட்டைகளும் இருந்த கூடையை அப்படியே வெளியே எடுத்தான். என் போர்வையால் மூடிச் சமையலறை மூலையில் கொண்டுவந்து வைத்தான்.

"வீட்டுக்குள்ள கோழியா? வாத்துங்களுக்கும் பாய் விரிச்சுடேன்," என்று சொல்லிவிட்டு மாமியார் தானே சுத்தியல் தேடக் கிளம்பினார்.

கவிழ்ந்த கருவிப்பெட்டியிலிருந்து யாரும் பார்க்காதபோது நான் எடுத்த ஆணி டப்பா என் சட்டைக்குள் இருந்தது. சுத்தியல் கிடைத்தாலும் அடிப்பதற்கு ஆணி இருக்கக் கூடாது. மதியச் சோற்றுக்கு அரிசி எடுப்பவள்போல அரிசிப்பானையைத் திறந்தேன்.

"மேலாப்புல அள்ளு," என்றான் ஆ-லியாங், கூடையைப் பார்த்தபடியே. "வண்டுக்கு வெளிச்சம் ஆகாது. எல்லாம் அடியிலதான் போய்க் கெடக்கும்."

டப்பாவை அரிசிக்குள் அழுத்தினேன். விரலில் மரப்பிடி தட்டியது.

சுத்தியலை ஒளித்தது மாமியார்தான். தெரிந்துகொண்டு, தெரியாதவர்போல மகனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்போது மாமியார் கையெல்லாம் ஒட்டடையோடு உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது.

"பெய்லின், அரிசியை அப்புறம் களையலாம். அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் நீ தேடும்மா. கட்டிலுக்கு அடியிலகூடப் பார்த்துட்டேன்."

அவர் முகத்தில் நடிப்பே இல்லை. கடுப்புதான் இருந்தது.

நான் மெல்லத் திரும்பி மூலையைப் பார்த்தேன்.

காலண்டரைப் பார்த்துச் சிரிக்கிறவன், போர்வையின் ஓரத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கேயும் காணோம்மா," என்றேன்.

அவர் புலம்பிக்கொண்டே வெளியேறினார். நான் அரிசியைக் கையால் சமமாக்கினேன். போர்வைக்குள் ஏதோ ஒன்று, மிகச் சன்னமாக, கீச்சென்றது.

"அடியில வண்டு இருந்துச்சா?" என்றான், திரும்பாமல்.

"இருந்துச்சு. தொந்தரவு பண்ணாம மூடிட்டேன்."

அவன் காது மடல் இரண்டும் சிவந்தன.